குகன் அண்ணனின் மாத்திரைக் கோபம்

எங்கள் கெலுகோர் அடுக்குமாடியில் குகன் அண்ணனைவிடச் சாதுவான ஆள் ஒருவரைக் காட்டினால் நான் மொட்டை போட்டுக்கொள்கிறேன். சூலியா தெருவில் நாணயமாற்றுக் கடையில் வேலை. பஸ்ஸில் யாராவது காலை மிதித்தால், மிதித்தவரிடம் இவர்தான் சாரி சொல்வார்.

போன வருடம் கடையிலேயே அவருக்கு வலிப்பு வந்துவிட்டது. டாக்டர் லெவெடிராசெட்டம் என்று ஒரு மாத்திரை கொடுத்தார்.

"மூளையில இருக்கற செல்லுங்க மின்சாரத்துலதான் பேசிக்குது. எல்லாம் ஒரே நேரத்துல கத்துனா அதான் வலிப்பு. மாத்திரை அந்தக் கூச்சலை அடக்கும்" என்றார்.

வலிப்பு நின்றது. ஆனால் உள்ளே அடங்கிய கூச்சல் வாய் வழியாக வர ஆரம்பித்தது. மாதக்கணக்கில் கெட்டுக் கிடந்த லிஃப்டைப் பார்க்க வந்த மெக்கானிக் தனேஷ், வழக்கம்போல "நாளைக்கு" என்றான்.

"எந்த நாளைக்குலா? பதினோரு மாடி உங்கப்பனா ஏறுவான்?" என்று அண்ணன் கத்தியதில் அன்றைக்கே லிஃப்ட் ஓடியது. நாங்கள் கைதட்டினோம். அண்ணன் முகத்தில் அப்படியொரு பெருமையை நான் பார்த்ததே இல்லை. அதற்குப் பிறகு யாருக்குச் சண்டை என்றாலும் அவரைத்தான் கூட்டிக்கொண்டு போனோம்.

அடுத்த முறை டாக்டர் கேட்டார்: "இந்த மருந்துல சிலருக்குக் கோபம் வரும். உங்களுக்கு எப்படி?"

"இல்லவே இல்ல, டாக்டர்."

கிடைத்த கோபத்தை இழக்க அவருக்கு மனசில்லை. பக்கத்தில் இருந்த மனைவி ரூபினி அக்கா பொறுக்கமாட்டாமல் பேசிவிட்டார்.

"பொய், டாக்டர்! ரசத்துல உப்பு கம்மின்னு என்னைப் பாத்துக் கத்துனாரு. கல்யாணமான நாள்லருந்து ஒரு சொல்லு சொன்னதில்ல. பயந்துட்டேன்."

அக்காவின் கண் கலங்கியது. அண்ணன் தலைகுனிந்து, "மாத்திடுங்க, டாக்டர்" என்றார்.

சட்டென்று நிறுத்தினால் வலிப்பு திரும்பிவிடுமாம். பழையதை மெல்லக் குறைத்து, புதியதை மெல்லக் கூட்டினார்கள். சில மாதங்களில் எங்கள் பழைய குகன் அண்ணன் வந்துவிட்டார். அந்த நேரம் பார்த்து லிஃப்ட் மறுபடியும் நின்று தொலைத்தது.

"அண்ணே, வாயத் தொறக்காதீங்க. சும்மா நில்லுங்க, போதும்" என்று கெஞ்சி அவரை அழைத்து வந்தேன். கைகட்டி நின்ற அவரைக் கண்டதும் தனேஷுக்கு வியர்த்துக் கொட்டியது. நாளைக்கு என்ற பேச்சே எடுக்காமல் லிஃப்டை ஓடவிட்டான்.

அவன் கிளம்பும்போது அண்ணனால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

"சாரி தம்பி, உனக்குத் தொந்தரவு கொடுத்துட்டோம்."

கூடவே வந்து நின்ற ரூபினி அக்கா முகத்தில் அத்தனை நிம்மதி. தனேஷோ வெளிறிப்போய்ப் பையைக் கீழே வைத்தான்.

"கோவப்படாதீங்கண்ணே, இன்னொரு தடவ செக் பண்ணிடறேன்லா."