சொல்வதற்கு முன் ஒரு சாப்பாடு

"வியாழன். பகல் 1.52: மருத்துவமனையிலிருந்து அழைப்பு. 2.35: பள்ளி வாசல். 2.50: ஃப்ரைஸ், மில்க் ஷேக். 5.20: வீட்டில் சொல்லப்பட்டது."

என் நாட்குறிப்பில் அன்றைய பக்கத்தில் இவ்வளவுதான் இருக்கிறது. அமெரிக்கா வந்த நாளிலிருந்து எழுதிவருகிறேன். ஆலங்கட்டி மழை பெய்த நேரம், காருக்கு ஆயில் மாற்றிய தேதி, யார் வீட்டுக்கு யார் வந்தார்கள் என்று ஒருவருக்கும் பயன்படாத விவரங்கள். என் மனைவிகூட அவற்றைப் புரட்டிப் பார்த்ததில்லை. இந்த ஒரு பக்கத்தை மட்டும் ஒருத்தி கேட்டு வந்தாள். என் நண்பரின் மகள். அப்போது அவளுக்குப் பதினாறு வயது.

டெக்சாஸில் ரவுண்ட் ராக் என்ற ஊரில், எங்கள் தெருவிலேயே நான்கு வீடு தள்ளி அவர்கள் வீடு. சனிக்கிழமை காலைகளில் நண்பரும் நானும் பாட்மின்டன் ஆடுவோம். தோற்றுவிட்டால் ராக்கெட்டைக் குறை சொல்வார். சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது என்று மருத்துவர் சொன்ன பிறகு, அலுவலகத்தில் லிஃப்டைத் தொடுவதில்லை என்று முடிவெடுத்திருந்தார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஐந்து மாடியையும் படியேறியே போவார். அந்த வியாழக்கிழமை மூன்றாவது மாடித் திருப்பத்தில் விழுந்து கிடந்தார். மருத்துவமனையில் 1.20க்கு இறந்ததாகப் பதிவு செய்தார்கள். அவர் மனைவி தன் அலுவலகத்திலிருந்து அங்கே ஓடிப் போய், அரை மணி நேரம் கழித்து என்னை அழைத்தார்.

"அண்ணா, அவர் போயிட்டார்." குரலில் அழுகை இல்லை, அது பிறகுதான் வந்தது. "ஸ்கூல் விட்டதும் பாப்பாவை நீங்க பிக்கப் பண்ணிடுங்க. இங்க கூட்டிட்டு வராதீங்க. எதுவும் சொல்லவும் வேண்டாம். வீட்டுக்கு வந்து நானே சொல்றேன்."

காரில் ஏறும்போது என் மனைவி அழைத்தாள். "முதல்ல அவளுக்கு ஏதாவது வாங்கிக் கொடுத்துடுங்க. விஷயம் தெரிஞ்சா நாலு நாளைக்குத் தண்ணிகூடக் குடிக்க மாட்டா." நம் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சாவு விழுந்த வீட்டில் அடுப்பு எரியாது. ஆகவே செய்தி காதில் விழும் முன் பிள்ளைகளைச் சாப்பிட வைத்துவிட வேண்டும். என் பெரியப்பா இறந்த அன்று பக்கத்து வீட்டில் எனக்கு ஆறு இட்லி வைத்தார்கள். ஏன் இவ்வளவு அன்பு என்று நினைத்தபடி ஆறையும் தின்றேன். அதில் தவறு இருப்பதாக எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

"அப்பா வரலையா? வியாழக்கிழமை அப்பா டர்ன் ஆச்சே," என்று கேட்டுக்கொண்டே முன் இருக்கையில் உட்கார்ந்தாள்.

"ஆபீஸ்ல லேசா மயக்கம் வந்துடுச்சாம். ஹாஸ்பிட்டல்ல இருக்கார். அம்மா கூட இருக்காங்க."

"சீரியஸா, அங்கிள்?"

"டெஸ்ட் எடுத்துட்டிருக்காங்கம்மா," என்றேன். இறந்து ஒரு மணி நேரத்துக்கு மேலான மனிதருக்குச் சோதனை நடப்பதாகச் சொன்னேன். அவள் முகம் தெளிந்தது. "நான் சொல்லிட்டே இருக்கேன், லன்ச் ஸ்கிப் பண்ணாதீங்கன்னு. ஹி நெவர் லிசன்ஸ்." மருத்துவமனைக்குப் போகலாம் என்றாள். அம்மா வீட்டுக்கு வரச் சொன்னார்கள், அதற்கு முன் ஏதாவது சாப்பிடு என்றேன். காரிலேயே வாங்கிப் போகும் கடை ஒன்றில் அவள் கேட்டதை வாங்கிக் கொடுத்தேன். வீடு சீக்கிரம் வந்துவிடக் கூடாது என்பதற்காக மிக மெதுவாக ஓட்டினேன் போலிருக்கிறது. ஃப்ரைஸை மென்றபடி அவள் சொன்னாள்: "அங்கிள், நீங்க டிரைவ் பண்ற ஸ்பீடுக்கு, அப்பா டிஸ்சார்ஜ் ஆகி நமக்கு முன்னாடி நடந்தே வீட்டுக்கு வந்துடுவார்." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். நானும் சிரித்தேன்.

நடுநடுவே அப்பாவுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தாள். அம்மாவைப் பயமுறுத்தாதீங்க. கெமிஸ்ட்ரியில ஏ மைனஸ், இப்ப நீங்க பேஷன்ட், திட்டக் கூடாது. பெரும்பாலும் இப்படித்தான். நண்பரின் போனை மருத்துவமனையில் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு அவர் மனைவியிடம் கொடுத்திருந்தார்கள். படிவங்களில் கையெழுத்துப் போடும்போதெல்லாம் மடியில் அது அதிர்ந்துகொண்டே இருந்ததாம். பதினோரு முறை. அணைத்துவிடத் தனக்குக் கை வரவில்லை என்று தகனம் முடிந்த பிறகு என்னிடம் சொன்னார்.

5.20க்கு அவள் அம்மா வந்து சொன்னார். அந்த வீட்டுக் கூடத்தில் எழுந்த சத்தத்தைப் பற்றி நாட்குறிப்பில் ஒன்றும் இல்லை. இங்கேயும் எழுதப் போவதில்லை. கொஞ்ச நேரத்தில் அவள் குளியலறைக்குள் போய், சாப்பிட்டதை எல்லாம் வாந்தியெடுத்தாள்.

இங்குள்ள எங்கள் தமிழ் ஆட்கள் குறை வைக்கவில்லை. எந்த வீட்டிலிருந்து எந்த நாள் சாப்பாடு என்று இணையத்தில் ஒரு பட்டியல் போட்டார்கள். ஒரே மணி நேரத்தில் ஆறு வாரத்துக்கு நிரம்பியது. பள்ளிக்குக் கூட்டிப் போக ஆள், கணக்குச் சொல்லிக் கொடுக்க ஆள், கல்லூரி விண்ணப்பத்துக்கு ஆள். அவள் யார் கையாலும் எதையும் வாங்கிச் சாப்பிடவில்லை. பாத்திரங்கள் வந்தபடியே திரும்பிப் போயின. நான்கு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை, ஏதோ புத்தகம் கொடுக்க எங்கள் வீட்டுக்கு வந்தாள். என் மனைவி, "இருந்து சாப்பிட்டுப் போம்மா," என்றாள்.

"ஏன் ஆன்ட்டி? இப்ப யார் செத்தா?"

கேலிபோலத்தான் சொன்னாள். கரண்டியோடு நின்ற என் மனைவி அப்படியே சமையலறைக்குள் திரும்பிப் போய்விட்டாள்.

பள்ளியின் மாணவர் ஆலோசகர் பெற்றோரைப் பார்க்க வேண்டும் என்றபோது, தனியாகப் போகத் தெம்பில்லை என்று அவள் அம்மா என்னையும் அழைத்துப் போனார். ஆலோசகர் நரைத்த தலையும் தாழ்ந்த குரலுமாக இருந்த ஓர் அமெரிக்கப் பெண்மணி. நாங்கள் செய்தவற்றை எல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார். அவளுக்கு என்ன தெரிந்துகொள்ள வேண்டும் என்று உங்களில் யாராவது கேட்டீர்களா? கேட்கவில்லை. இனி அவள் ஏதாவது கேட்டால், மழுப்பாத சொற்களில் பதில் சொல்லுங்கள், தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள் என்றார். நான் அவளுக்கு ஒரு செய்தி அனுப்பினேன். அன்றைய நேரங்களை எல்லாம் எழுதி வைத்திருக்கிறேன், எப்போது வேண்டுமானாலும் வந்து கேள். பத்து நாட்கள் பதிலில்லை. பதினோராம் நாள், ஞாயிறு காலை வருவதாகச் செய்தி அனுப்பிவிட்டு, மதியம் கேள்விகளை எழுதிய ஒரு தாளோடு வந்தாள்.

நான் நோட்டைத் திறந்து அவள் பக்கம் திருப்பி வைத்தேன். விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டே போனாள். தமிழ் எழுத்து அவளுக்கு வராது. நேரங்களைப் படித்தாள், மற்றதை நான் சொன்னேன்.

"ஸ்கூல் வாசல்ல நிக்கும்போதே உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"ஃப்ரைஸ் வாங்கும்போது?"

"தெரியும்."

"நான் ஜோக் அடிச்சேனே, அப்போ?"

"தெரியும்மா. நம்ம பக்கத்துல ஒரு வழக்கம்..."

"அதை நான் கேக்கல." தாளைப் பார்த்தபடியே சொன்னாள். "உங்க எல்லாருக்கும் தெரியும், நான் மட்டும் தெரியாம சிரிச்சிட்டிருந்தேன். அந்த மூணு மணி நேரம் என்னோடது அங்கிள். நீங்க எடுத்துக்கிட்டீங்க."

மன்னிப்புக் கேட்டேன். அவள் அடுத்த கேள்விக்குப் போனாள். அதுதான் கடைசி. "அப்பாவுக்கு வலிச்சுதா?"

என் மனைவி சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அன்று காலையிலேயே அவள் என்னிடம் சொல்லியிருந்தாள்: "ஒரே நிமிஷத்துல போயிட்டார்னு சொல்லிடுங்களேன். என்ன குறைஞ்சு போகும்?" சொல்லியிருக்கலாம். அந்த வாக்கியம் நாக்கு நுனிவரை வந்தது.

"தெரியாது," என்றேன்.

"அம்மா சொன்னாங்களே, ஒரு செகண்ட்தான்னு."

"அது ஆபீஸ்ல ஒருத்தர் அம்மாகிட்ட சொன்னது. அவரைப் பார்த்து நான் கேட்டேன். அவர் ஆம்புலன்ஸ் வந்ததுக்கு அப்புறம்தான் அங்க வந்திருக்கார். அப்பாவை முதல்ல பார்த்து எமர்ஜென்சிக்கு போன் பண்ணது, அங்க கிளீனிங் வேலை பார்த்த ஒரு அம்மா. அடுத்த மாசமே வேலையை விட்டுட்டாங்க. தேடிட்டிருக்கேன்."

அவள் வெகுநேரம் என் முகத்தைப் பார்த்தாள். பொய்யைத் தேடுகிறாள் என்று புரிந்தது. பார்க்கட்டும் என்று இருந்தேன். பிறகு பேனாவை எடுத்து அந்தக் கேள்விக்கு எதிரே ஏதோ எழுதி, படித்துக் காட்டினாள்: "நாட் நோன் யெட். கரெக்டா?"

"கரெக்ட்."

இப்போது ஆஸ்டினில் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அழைப்பாள். நலம் விசாரிப்பதில்லை, அந்த அம்மா கிடைத்தார்களா என்று மட்டும் கேட்பாள். இல்லை என்பேன். ஓகே என்று வைத்துவிடுவாள். உறுதியாகத் தெரிந்தவை இரண்டு. படிக்கட்டுக் கதவில் நண்பரின் அடையாள அட்டை பதிவான நேரம் 12.31. அவசர உதவிக்கு அழைப்பு போன நேரம் 12.46. இடையில் இருக்கும் பதினைந்து நிமிடங்களில் அவர் எப்போது விழுந்தார், விழுந்த பின் நினைவோடு இருந்தாரா, யாரையாவது கூப்பிட்டாரா என்பது இதை எழுதும் இன்றுவரை உறுதிசெய்யப்படவில்லை.