ஏப்ரன் பையில் ஒரு ரப்பர் பந்து

கண் ஆஸ்பத்திரியில் அவளை எல்லாரும் டிரம் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அறுவை அறைக் கருவிகளைக் கழுவி, எஃகு டிரம்மில் அடுக்கி, ஆவியில் வேகவைத்து எடுப்பது அவள் வேலை. இருபத்திரண்டு வருஷம். சும்மா சொல்லக்கூடாது, வேலையில் படு சுத்தம். செருப்போடு ஒருத்தர் வாசலைத் தாண்ட முடியாது. "சார், காலு!" என்று அவள் போடும் அதட்டலில் பெரிய டாக்டரே பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி பின்வாங்குவார்.

அப்படிப்பட்டவள் தலையில் அந்த வியாழக்கிழமை இடி விழுந்தது. செவ்வாயன்று புரை எடுத்துக்கொண்ட பதினோரு பேரில் நாலு பேர் கண் சிவந்து, சீழ் கட்டி, வலியில் துடித்துக்கொண்டு திரும்பி வந்துவிட்டார்கள். அதில் ஒருத்தி அவள் நாத்தனார். "பயப்படாதீங்க அண்ணி, நான் இருக்கேன்ல" என்று கையைப் பிடித்து இழுக்காத குறையாக அழைத்து வந்ததே இவள்தான்.

அறுவை அறையைப் பூட்டினார்கள். வெளியிலிருந்து கிருமி டாக்டரம்மா ஒருவர் வந்து குழாய், தொட்டி, மருந்துப் புட்டி, நர்ஸ்களின் நகக்கண் என்று ஒன்று விடாமல் பஞ்சால் துடைத்து எடுத்துப் போனார். மறுநாள் சாயங்காலம் வரை எதிலும் கிருமி எதுவும் வளரவில்லை.

"கண்ணுல எடுத்த நீர்லயும் ஒண்ணும் தெரியல. போடற மருந்தும் கேக்கல," என்றார் டாக்டரம்மா. "எங்கேருந்து வந்துச்சுன்னு கண்டுபிடிச்சாத்தான் மருந்தை மாத்த முடியும். இல்லேன்னா நாலு கண்ணும் போயிடும். அக்கா, நீங்க தினம் செய்யறத அப்படியே ஒரு தடவை செஞ்சு காட்டுங்க."

செய்து காட்டினாள். கழுவினாள், அடுக்கினாள், ஆவியில் வைத்து மணி பார்த்தாள். டிரம்மைத் திறந்ததும் வலது கை தானாக ஏப்ரன் பைக்குள் போனது. போன கை அங்கேயே நின்றுவிட்டது.

பைக்குள் ஒரு ரப்பர் பந்து, அழுத்தினால் முனைத் துளை வழியே காற்றடிக்கிற வகை. கருவிகளில் ஊசி மாதிரி மெல்லிய குழல்கள் உண்டு. வெந்து வரும்போது அவற்றுக்குள் நீர் தங்கிவிடும். ஈரத்தோடு நீட்டினால் டாக்டர் எரிந்து விழுவார். அதனால் பந்தை அழுத்திக் காற்றடித்து நீரை வெளியேற்றிவிடுவாள். யாரும் சொல்லித்தரவில்லை, அவளே கண்டுபிடித்த வழி. அதில் கொஞ்சம் பெருமைகூட. சூட்டில் ரப்பர் இளகிவிடும் என்று பந்தை மட்டும் வேகவைப்பதில்லை. வெளிப்புறம் ஸ்பிரிட்டால் துடைப்பாள். உள்ளே? உள்ளே யார் பார்த்தார்கள்!

அடக் கடவுளே, இதுவா?

பந்து இருப்பது ஒருவருக்கும் தெரியாது. போகிற வழியில் குப்பையில் வீசினால் கதை முடிந்தது. கொடுத்தால் வேலை போகும், போலீஸ் வரும், புருஷன் முகத்தில் எப்படி விழிப்பது? கொடுக்காவிட்டால் அண்ணியின் கண் போகும்.

"அவ்வளவுதானா அக்கா?"

"இல்லைங்கம்மா." பந்தை எடுத்து நீட்டினாள். "இது ஒண்ணு இருக்கு."

டாக்டரம்மா பந்தைக் கிருமி வளர்த்துப் பார்க்கும் ஒரு தட்டின் மேல் அழுத்தினார். பழுப்பாக ஒரு சொட்டு விழுந்தது. மறுநாள் காலையில் தட்டு முழுக்கப் பச்சை படர்ந்திருந்தது. அன்றைக்கே மருந்தை மாற்றினார்கள். மூன்று பேருக்குக் கண் பிழைத்தது. ஒரு பெரியவருக்குப் போயே போய்விட்டது. இவளை வேலைக்கு வரவேண்டாம் என்று நிறுத்தி வைத்தார்கள்.

பத்து நாள் ராத்தூக்கம் இல்லாமல் கிடந்துவிட்டு, நாத்தனார் வீட்டுக்குப் போனாள். உட்காரக்கூட இல்லை.

"அண்ணி, அது என் கையால வந்ததுதான்."

"தெரியும். ஆஸ்பத்திரியிலேயே சொன்னாங்க. நீயா வந்து சொல்றியான்னு பாத்துக்கிட்டிருந்தேன்."

திட்டட்டும், அடிக்கட்டும் என்று தலைகுனிந்து நின்றாள். நாத்தனார் திட்டவில்லை. கடிகாரத்தைப் பார்த்தாள். நாற்காலியில் தலையைச் சாய்த்து, அந்தக் கண்ணை இரண்டு விரலால் அகலத் திறந்துகொண்டாள்.

"மருந்து நேரமாச்சு. நீயே ஊத்து," என்றாள். "மொதல்ல போய்க் கையக் கழுவிட்டு வா."

குழாயடியில் சோப்பு மூன்று தடவை கையிலிருந்து நழுவி விழுந்தது.