கோழிக்கால் முட்டை

எங்கள் வீட்டுக்குள் முட்டை நுழையாது. திருநெல்வேலிச் சைவக் குடும்பம். அமீரகத்தில் அல் ஐனுக்கு வந்தும் கேக் வாங்குமுன் பெட்டியைத் திருப்பிப் பச்சைப்புள்ளி இருக்கிறதா என்று பார்க்கிற ஆட்கள் நாங்கள். அப்படிப்பட்ட வீட்டின் கண்ணாடி அலமாரியில், முருகன் படத்துக்குக் கீழ்த்தட்டில், இரண்டு கோழிமுட்டைகள் உட்கார்ந்திருந்தன. கொண்டுவந்து வைத்தவள் நான்தான்.

அதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எங்களுக்குக் குழந்தை இல்லை. இங்கே ஒரு மருத்துவரிடம் போனோம். இருவரையும் சோதித்துவிட்டு, குறை என் கணவரிடம்தான் என்றார் அந்த அம்மாள். காரில் ஏறி உட்கார்ந்ததும் என் கணவர் ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதார். நான் அதுவரை அவர் அழுது பார்த்ததில்லை.

"யார்ட்டயும் சொல்லிராத. எங்க அம்மாட்டகூட," என்றார்.

"சொல்ல மாட்டேன்," என்றேன். சொல்லவும் இல்லை. என் அம்மாவிடமும் மூச்சு விடவில்லை.

அத்தை, அதாவது என் மாமியார், ஊரிலிருந்து ஞாயிறுதோறும் வீடியோவில் வருவார். சஷ்டி விரதம் இரு என்பார், அரசமரத்தைச் சுற்று என்பார். அல் ஐனில் திரும்பிய பக்கமெல்லாம் பேரீச்சை மரம். அதைச் சுற்றினால் என்ன பிறக்குமோ! எல்லாவற்றுக்கும் 'சரி அத்தை' என்றேன். அவர் மகன் பக்கத்தில் உட்கார்ந்து தோசையைப் பிய்த்துத் தின்றுகொண்டிருப்பார். போன தைப் பொங்கலுக்குப் பிறகு அத்தை விரதப் பேச்சை விட்டுவிட்டார். குரலும் இளகிவிட்டது. மனசு மாறிவிட்டது போல என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

என் கணவரின் அலுவலகத்தில் வரைபடப் பிரிவில் உக்ரைன் நாட்டுப் பெண் ஒருவர் வேலை பார்க்கிறார். என் வயதுதான் இருக்கும். ஈஸ்டருக்கு எங்களை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். எங்களுக்கென்று பீட்ரூட்டும் உருளைக்கிழங்கும் தனியாகச் செய்துவைத்திருந்தார். மேசை நடுவில் ஒரு கூடை, அதில் சிவப்பும் மஞ்சளும் கறுப்புமாக முட்டைகள். அவர்கள் மொழியில் முட்டைக்கு வண்ணம் தீட்டுகிறோம் என்று சொல்வதில்லையாம், முட்டையை எழுதுகிறோம் என்பார்களாம். தேன்மெழுகை உருக்கிச் சின்னக் குழாய் முனையால் கோடு இழுத்து, சாயத்தில் முக்கி, மறுபடி கோடு இழுத்து மறுபடி முக்கி, கடைசியில் மெழுகுவர்த்திச் சூட்டில் மெழுகை வழித்து எடுத்தால் எழுதியது தெரியும்.

ஒவ்வொன்றையும் எடுத்துக் காட்டி அர்த்தம் சொன்னார். கோதுமைக் கதிர் என்றால் நல்ல விளைச்சல். ஏணி என்றால் பிரார்த்தனை. முட்டையைச் சுற்றிக்கொண்டே போகிற முடிவில்லாத அலைக்கோட்டுக்குள் கெட்டது எது வந்தாலும் வழி தெரியாமல் மாட்டிக்கொள்ளும். ஆண்களுக்குக் கொடுக்கிற முட்டையில் மேலும் கீழும் வெறுமையாக விடக் கூடாதாம், விட்டால் தலை வழுக்கையாகிவிடுமாம். என் கணவர் சட்டென்று உச்சந்தலையைத் தடவிப் பார்த்தார். நான்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன்.

பிறகு என் கணவரும் அந்தப் பெண்ணின் கணவரும் பால்கனிக்குப் போனார்கள். அந்தப் பெண் உள்ளே போய் இரண்டு முட்டைகளை எடுத்துவந்தார். ஒன்றில் மேலிருந்து கீழ்வரை ஓக் மரத்து இலைகள். அது என் கணவருக்கு, ஓக் என்றால் வலிமை. எனக்கான முட்டையில் ஒரு கோழியும் சுற்றிலும் மூன்று கோடு பிரிந்த கோழிக்கால்களும். வாசலில் நான் மாவில் இழுக்கிற இழை மாதிரி அவ்வளவு சுத்தமான கோடு. அழகாக இருக்கிறதே, இதற்கு என்ன அர்த்தம் என்று ஆசையாகக் கேட்டேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பிள்ளை வேண்டுகிறவர்களுக்கு எழுதுவது என்றார். "உங்கள் கணவர் அலுவலகத்தில் ஒருநாள் மனம் உடைந்து சொன்னார். உங்கள் உடம்பில்தான் குறை என்று டாக்டர் சொல்லிவிட்டாராமே. ஆனாலும் உங்களை விட்டுவிட மாட்டேன் என்றார். நல்ல மனிதர். அதைத் தாங்கத்தான் அவருக்கு ஓக்."

கட்டி அணைத்துக்கொண்டார். இல்லை, குறை என்னிடம் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேனே! 'தேங்க் யூ' என்று சொல்லி இரண்டு முட்டைகளையும் வாங்கிக்கொண்டேன்.

காரில் கேட்டேன். "ஆபீஸ்ல என்னயப் பத்தி என்ன சொல்லி வச்சிருக்கீங்க?"

மறைக்கக்கூட இல்லை. "எல்லாரும் கேட்டுக்கிட்டே இருக்கானுவ. எதயாவது சொல்லணும்லா?"

"அதுக்கு நான்தான் கெடச்சேனா?"

"ஒனக்கு அங்க யாரத் தெரியும்? ஒனக்கு என்ன நட்டம்? கலாஸ், முடிஞ்சுது, விடு."

விடவில்லை. வீட்டுக்கு வந்ததும் முட்டைகளை அலமாரியில் வைத்தேன். அவர் பார்த்துவிட்டுக் குளிக்கப் போனார்.

அடுத்த ஞாயிறு அத்தை வீடியோவில் வந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் தோளுக்குப் பின்னால் பார்த்தார்.

"அது என்னது, சாமி படத்துக்குக் கீழ? முட்டையா?"

"ஆமா அத்தை. இவுங்க ஆபீஸ்ல ஒரு உக்ரைன்காரம்மா குடுத்தாங்க. ஒண்ணுல கோழிப் படம் போட்டிருக்கில்லா, அது பிள்ளை வேணும்ங்கிறவங்களுக்கு."

திட்டுவார் என்று நினைத்தேன். அத்தையின் கண் கலங்கிவிட்டது. "இருக்கட்டும்மா, இருந்துட்டுப் போகட்டும். பொங்கலுக்கே அவன் எங்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டான். ஒன் ஒடம்புலதான் கொறைன்னு. கேட்டுட்டு ஒன்ன ஒரு வார்த்தை சொன்னேனா? இனியும் சொல்ல மாட்டேன்."

பொங்கலிலிருந்து அந்த இளகின குரலைக் கேட்டு எத்தனை நன்றாகத் தூங்கியிருக்கிறேன்! என் கணவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கினார். வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சினார். காரில் அழுத அதே முகம்தான். அன்றைக்கு அதைப் பார்த்து உருகினேன். இன்றைக்கு அருவருப்பாக இருந்தது.

எழுந்து போய்க் கோழிக்கால் முட்டையை எடுத்துவந்து அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"அத்தை, இந்த முட்டை எனக்கில்ல. ஒங்க பிள்ளைக்கு."

"அவனுக்கு எதுக்கும்மா?"

"அவங்களையே கேளுங்க."

போனை அவர் கையில் கொடுத்தேன். ஓக் இலை முட்டையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.