பவுலினஸ் கிடந்த இடம்

தம்பி எங்கே புதைக்கப்பட்டான் என்று தெரியாத ஒருத்தி, ஆண்டுதோறும் ஆண்டவர் உயிர்த்ததைக் கொண்டாடும் பாஸ்கா காலம் முழுவதும் அவரது காலியான கல்லறையைப் பற்றி எப்படித் தியானம் சொன்னாள்? பெர்ப்பெத்துவாவை நினைத்தாலே எனக்கு இந்தக் கேள்விதான் முதலில் வரும்.

பூகன்வில் தீவில் எங்கள் மலைக்கிராமத்துக்குப் பங்குச் சாமியார் எப்போதாவதுதான் வருவார். அவர் இல்லாதபோது ஜெபம் நடத்தும் உபதேசியார் வேலை பெர்ப்பெத்துவாவுடையது. நல்ல பேச்சாளி என்று சொல்லமாட்டேன். காலையில் நற்செய்தியை வாசிப்பாள், நாலு வார்த்தை பேசுவாள், பிறகு எல்லோரும் நெடுநேரம் மௌனமாக இருப்போம். முடிவில் வரிசை வரிசையாக வந்து, "உங்களுக்குச் சமாதானம்" என்று ஒவ்வொருவர் கையையும் பிடிப்பாள். கடைசி ஆளாக அலோயிஸ் உட்கார்ந்திருப்பார். அவரைத் தொடாமல் திரும்பிவிடுவாள்.

தீவு தனிநாடு கேட்டு ராணுவத்தோடு போரிட்ட காலத்தில், ராணுவத்துக்குத் துப்புச் சொன்னான் என்று அவள் தம்பி பவுலினஸை வீட்டிலிருந்து இழுத்துப்போய்க் கொன்ற நாலு பேரில் ஒருவர் அலோயிஸ். மற்ற மூவரும் போரிலேயே செத்தார்கள். பவுலினஸ் உண்மையில் துப்புச் சொன்னானா என்பது யாருக்கும் தெரியாது. பன்றி அடித்துச் சமாதான விருந்து வைக்க இரண்டு குலத்தாரும் பலமுறை முயன்றார்கள். அவள் போகவில்லை.

அந்த வருஷம் அலோயிஸுக்குக் காசம் முற்றிவிட்டது. உயிர்ப்பு ஞாயிறு கழிந்த வாரம், பெர்ப்பெத்துவாவும் நானும் சர்க்கரைவள்ளி தோண்டிக்கொண்டிருந்தபோது அவர் தங்கை ரெகினா தோட்டத்துக்கு வந்தாள்.

"அக்கா, எங்கண்ணன் இனிமே தாங்காது. பவுலினஸைப் போட்ட இடத்தைச் சொல்லிடறேங்குது. நீ வந்து ஒரு தடவை கையைக் குடுத்தாப் போதும்."

"குடுக்காட்டி சொல்லமாட்டாராமா?"

"பயப்படுதுக்கா. நீ சபிச்சிருவேன்னு."

"இதுக்குப் பேரு சமாதானமா ரெகினா? கிழங்கை வச்சிட்டு மீனை எடுத்துட்டுப் போற சந்தை."

"தினமும் எங்களுக்கு வாசிக்கிறியே, பயந்து கதவைப் பூட்டிக்கிட்டுக் கிடந்த சீடருங்ககிட்ட, உயிர்த்த ஆண்டவரு வெல பேசிட்டா உள்ள வந்து சமாதானம்னாரு?"

பெர்ப்பெத்துவா மண்ணைக் கிளறினாள்.

சாயங்காலம் பவுலினஸின் மகன் கமில் வந்து கத்தினான். "அவரு உனக்குத் தம்பின்னா எனக்கு அப்பன், அத்தை! ஒரு குழி, மேல ஒரு சிலுவை. அவ்வளவுதான் கேக்கறேன். உன் கை என்ன தங்கமா?"

"நாளைக்குப் போறேன்டா."

"நானும் வரேன்."

"உன்னைப் பாத்தா அவரு வாயே திறக்கமாட்டாரு."

அவன், சித்தி முறையான என் பக்கம் திரும்பினான். "அப்ப நீங்க போங்க, சித்தி. ஆத்துக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமான்னு நல்லாக் கேட்டுக்கோங்க. அத்தைக்குக் கோவம் வந்தா காது அடைச்சுப்போகும்."

மறுநாள் காலைத் தியானத்தில் அவள் வாசித்ததோடு நிறுத்திக்கொண்டாள். பிறகு இருவரும் போனோம்.

அலோயிஸ் பாயில் சுருண்டு கிடந்தார். விலா எலும்புகள் தெரிந்தன. பெர்ப்பெத்துவா பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டாள். "உங்களுக்குச் சமாதானம்" என்றாள். அவர் அழுதார். இருமல் அடங்கியதும், "பவுலினஸ் கிடக்கிற இடம்..." என்று தொடங்கினார். நான் குனிந்து காதைக் கொடுத்தேன்.

அவள் உள்ளங்கையால் அவர் வாயை மூடினாள். அழுத்தவில்லை, எடுக்கவும் இல்லை. அவர் கண்கள் அவளைக் கேட்டன. வேண்டாம் என்று தலையசைத்தாள். அவர் தூங்கிப்போகும்வரை அப்படியே இருந்தாள்.

பொழுது சாய்வதற்குள் அவர் இறந்துவிட்டார். கமில் அதற்குப் பிறகு அத்தையோடு பேசவில்லை. சொல்ல வந்ததைச் சொல்லவிடாமல் அனுப்பியது பழிவாங்கல்தான் என்கிறான். எனக்கு அப்படித் தோன்றவில்லை, தோட்டத்தில் அவள் சொன்ன சந்தைதான் நினைவுக்கு வருகிறது. ஆனால் அவனுக்குச் சொல்ல வேறு காரணமும் என்னிடம் இல்லை. பெர்ப்பெத்துவாவிடம் ஒருமுறை கேட்டேன். கொடியிலிருந்த துணிகளை எடுத்து மடித்துக்கொண்டே இருந்தாள்.