மாஸ்ட் உச்சியில் ஒரு போன்

திருச்செங்கோட்டுக்கு வெளியே ஒரு டீக்கடையில் பஸ்ஸுக்காக நிற்கிறேன். எதிரே பட்டறையில் போர்வெல் லாரிகள் வெயிலில் காய்கின்றன. டீ ஆற்றும் அக்காவின் கணவரும் அப்படியொரு லாரியோடு சத்தீஸ்கர் பக்கம் போயிருக்கிறாராம்.

"அந்தக் காட்டுல டவர் கெடைக்குமாக்கா?"

"கீழ கெடைக்காதுங்க." லாரி மேல் படுத்திருக்கும் இரும்புக் கோபுரத்தைக் காட்டுகிறார். "போர் போட அந்த மாஸ்ட்டை நிமித்தறப்ப, உச்சியில ஒரு போனைக் கட்டி உட்ருவாங்க. அதுல வர்ற நெட்டைக் கீழ நிக்கறவங்க புடிச்சுக்குவாங்க. எறக்கீட்டா ஒண்ணுமில்லீங்க."

சற்று நேரத்தில் அக்காவின் போன் விடாமல் சிணுங்குகிறது. அங்கே தேங்கிக் கிடந்த கணவரின் வாட்ஸ்அப் செய்திகளெல்லாம் ஒன்றாக வருகின்றன. கடைசியாக வந்த குரல் பதிவில், கம்ப்ரசர் இரைச்சலுக்கு நடுவே அவர் கத்துகிறார்: "அம்மாளுக்குக் கண்ணு ஆபரேசன் என்னாச்சு?"

அக்கா அடுப்பைத் தணித்துவிட்டுப் பதிலைப் பேசி அனுப்புகிறார். "ஏனுங்க, அத்தைக்கு நல்லபடியா முடிஞ்சுதுங்க. கட்டுப் பிரிச்சதும் உங்க போட்டோவத்தான் கேட்டாங்க."

ஒரு டிக் விழுகிறது. இரண்டாவது விழவேயில்லை. பதில் கொஞ்சம் தாமதமானாலே மனைவியிடம் சண்டைக்குப் போகிறவன் நான். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"மறுபடி அனுப்பிப் பாருங்கக்கா."

"தண்ணி வந்துருச்சாட்ட இருக்குதுங்க. மாஸ்ட்டை எறக்கியிருப்பாங்க." டீயை என்னிடம் நீட்டுகிறார். "ஆரு தோட்டமோ. நல்லா இருக்கட்டும்."

பிறகு போனை முந்தானையில் துடைத்து, சர்க்கரை டப்பாவில் சாய்த்து, திரை தன் பக்கம் இருக்கும்படி வைக்கிறார்.