சத்தம் கேட்கிற பம்பு

கல்யாணத்தன்று சர்ச்சுக்கு நம் பழைய காரில்தான் போவேன் என்று மகள் சொன்ன நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

இங்கிலாந்தில் செய்த கார். என்னைவிட வயதில் மூத்தது. நன்றாகத்தான் ஓடும், ஆனால் பெட்ரோல் பம்பை நம்ப முடியாது. சாவியைத் திருப்பியதும் பானெட்டுக்குள் டிக் டிக் என்று அடித்துக்கொள்ளும். உள்ளே கரண்டைத் தொட்டு விடும் பாயிண்ட் ஒட்டிக்கொண்டால் சத்தம் நிற்கும், கொஞ்ச தூரத்தில் காரும் நிற்கும். ஸ்பேனரால் ஒரு தட்டு தட்டினால் மறுபடி அடிக்கும். கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கையில் பொம்மிடி ஸ்டேஷனுக்கு முன்னால் அப்படித்தான் நின்றது. தட்டியதும் கார் கிளம்பிவிட்டது. என் மனசு கிளம்பவில்லை. மகள் கல்யாணப் புடவையில் உட்கார்ந்திருக்க, நான் பானெட்டைத் திறந்து தட்டிக்கொண்டு நிற்பதா?

மொரப்பூரில் வண்டிகளுக்கு ஒயரிங் வேலை செய்யும் சிநேகிதன், "இந்தக் காலத்துப் பம்பு ஒண்ணு மாட்டிக்கலாங்ணா, சத்தமே வராது" என்றான். வாங்கினோம். சிவப்பு ஒயரைச் சாவியிலிருந்து வரும் லைனிலும், கறுப்பு ஒயரைக் கார் பாடியிலும் மாட்டினான். எல்லா வண்டிக்கும் அப்படித்தான். மற்றதிலெல்லாம் பாடிக்கு வருவது பேட்டரியின் மைனஸ், இந்தக் காரில் மட்டும் பிளஸ். ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன்தான் நான், ஆனாலும் இது எனக்கு நன்றாகத் தெரியும். பயத்தில் தெரிந்ததுகூட மறந்துபோனது. சாவியைத் திருப்பியதும் புதுப் பம்பு புகைந்தது.

"இன்னா வண்டிங்ணா இது, எல்லாமே தலகீழா கீது" என்றான்.

இன்னொன்று வாங்கி ஒயரை மாற்றி மாட்டினோம். அது பெட்ரோலை வேகமாகத் தள்ளியது, கார்பரேட்டர் பொங்கிச் சூடான குழாய்மேல் சொட்டியது. வேகத்தைக் குறைக்க ஒரு வால்வு வைத்தோம். அதற்கப்புறம் ஒழுங்காக ஓடியது. ஆனால் சத்தமே இல்லாததால் ஓடுகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. அதனால் பழையதையும் கூடவே மாட்டி, ஒன்று நின்றால் மற்றது ஓட ஒரு சுவிட்ச் வைத்தேன். உடனே அடுத்த கவலை. பம்பு இரண்டானால் குழாய் இணைப்பும் இரண்டு பங்கு. எதில் ஒழுகும்? தினமும் விரலால் தடவி முகர்ந்து பார்த்தேன்.

"ஏங்க, மாப்பிள்ளயக்கூட இவ்ளோ விசாரிக்கலிங்க நீங்க" என்றாள் மனைவி.

கடைசியில் ஒரே பம்பு என்று முடிவு செய்தேன். பழையதுதான், பாயிண்ட்டும் பெட்ரோலை இழுத்துத் தள்ளும் உள்சவ்வும் புதிதாக மாற்றி.

"நல்லா ஓடறத கழட்டறீங்களே" என்றான் சிநேகிதன்.

"அது நின்னா காரு நின்னப்பறந்தான் தெரியும். இது நின்னா எனக்கு முன்னாடியே தெரியும். ஓரங்கட்டி ஒரு தட்டு தட்டிக்குவேன்."

"சரி, காத தீட்டி வெச்சிக்கங்க."

தீட்டித்தான் வைத்திருந்தேன். பாப்பிரெட்டிப்பட்டிவரை தினமும் போய்வந்தேன். ஒருமுறைகூட நிற்கவில்லை. அதுவும் பயமாக இருந்தது.

கல்யாணத்தன்று காலை மகளைப் பின்சீட்டில் உட்காரவைத்துச் சாவியைத் திருப்பினேன். டிக் டிக் கேட்டது. அதே நேரம் காருக்கு முன்னால் பேண்டு செட்டுக்காரர்கள் டிரம்மை அடித்தார்கள். எங்கள் பக்கம் சர்ச்சுக் கல்யாணம் என்றால் பேண்டு முன்னால் போகும், சொந்தக்காரர்கள் நடப்பார்கள், கார் பின்னால் ஊர்ந்து வரும். எத்தனையோ கல்யாணத்தில் நானே நடந்திருக்கிறேன். அது எப்படி நினைவுக்கு வராமல் போனது? சர்ச்சுவரை முதல் கியர்தான். வெயில். டிரம் சத்தத்தில் பம்பு அடிப்பது கேட்கவே இல்லை.

சர்ச் படிக்கு முன்னால் நிறுத்தினேன், ஆனால் எஞ்சினை அணைக்கவில்லை. அணைத்தால் மறுபடி கிளம்பாவிட்டால்?

"அப்பா, ஆஃப் பண்ணிட்டு எறங்குங்க. ஃபாதர் வாசல்ல நிக்கறாரு."

"நீ போம்மா. நான் வண்டிய பாத்துக்கறேன்" என்று வாயில் வந்துவிட்டது.

"யாரு கைய புடிச்சிக்கினு உள்ள போறது?" என்றாள். சீட்டுக்கு மேல் எட்டிச் சாவியைத் திருப்பி எஞ்சினை அவளே அணைத்தாள்.

இறங்கிக் கையைப் பிடித்தேன். அவள் விரல்கள் சில்லிட்டிருந்தன, என்னைவிட அதிகமாக நடுங்கின. எவ்வளவு நாளாக அப்படிப் பயந்துகொண்டிருந்தாளோ, நான் பம்பையே கேட்டுக்கொண்டிருந்துவிட்டேன்.