இல்லாதவரை அழைத்து வரப் போனவர்

லஸ் முனையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. கொண்டுவந்தவர் ரிக்‌ஷாக்காரர் கன்னியப்பன். வண்டியைத் தெரு நடுவிலேயே விட்டுவிட்டு ஓடி வந்தார். "சார், நம்ம வாத்யார் பாய் பூட்டாரு சார். காலீல தொய்துட்டு உக்காந்தவரு, அப்டியே சாஞ்சிட்டாராம். ஊடு முச்சூடும் ஆளுங்க நின்னுக்கினு கீறாங்க, நீ இன்னாடான்னா காய் பொறுக்கிக்கினு கீறே!" என்று என்னையே கோபித்துக்கொண்டார். பொறுக்கியதைக் கடைக்காரியின் கூடையிலேயே போட்டுவிட்டு அவர் வண்டியில் ஏறினேன். வழியெல்லாம் அவர் அழுதுகொண்டே மிதித்தார். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டாரே என்ற கோபம்.

பேராசிரியர் ஜைனுலாபுதீனை அறிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அறியாதவர்களுக்கு நாலு வார்த்தை. நான் தமிழ் சொல்லிக்கொடுத்த கல்லூரியில் அவர் வரலாறு சொல்லிக்கொடுத்தார். மயிலாப்பூரிலிருந்து நாங்கள் சிலர் நடத்திவரும் இந்தக் காலாண்டிதழில் புத்தக மதிப்புரை எழுதினார். கச்சேரி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தார். மெலிந்த உடம்பு, வெள்ளைச் சட்டை, யாரையும் அதட்டத் தெரியாத குரல். இப்படிப்பட்ட ஆளைக் கண்டு ஒரு கல்லூரியே நடுங்கியது என்றால் நம்பமாட்டீர்கள்.

அன்று பகல் தொழுகைக்குப் பின் அடக்கம். பள்ளிவாசலுக்கு வெளியே கல்லூரிக்காரர்கள் கூட்டமாக நின்றோம். துக்கத்துக்கு வந்த ஆண்கள் வாசலில் நின்று என்ன செய்வார்கள் என்று நமக்குத் தெரியாதா? போனவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை, பிறகு வராதவர்களைப் பற்றி நாற்பது. நாங்களோ சிலைகளாக நின்றோம். பொருளாதாரத்துறை ரங்கசாமி மட்டும் என் காதோரம் குனிந்து, "என்னமாவது பேசணும்போல இருக்கு வைத்தி. ஆனா, அவர் எழுந்து வந்துடுவாரோன்னு பயமா இருக்கு" என்றார். சிரிப்பை அடக்க நாக்கைக் கடித்துக்கொண்டேன். அப்போதுதான் எனக்குக் கண்ணீர் வந்தது.

ரங்கசாமியின் பயத்துக்குக் காரணம் உண்டு. ஆசிரியர் அறையில் அவர் ஒருநாள் பிரின்ஸிபாலைப் பற்றி ஆரம்பித்தார். "இந்த மனுஷன் ஒரு காகிதத்துல கையெழுத்துப் போடறதுக்குள்ள உசிரு போயிடறது..." அவ்வளவுதான். ஜைனுலாபுதீன் எழுந்தார். "இருங்க சார், அவரு ரூம்லதான் இருக்காரு. கூட்டிக்கிட்டு வந்துடறேன்" என்று போனார். விளையாட்டு என்றுதான் நினைத்தோம். பிரின்ஸிபாலோடு திரும்பி வந்தார். "ரங்கசாமி சார் உங்களைப் பத்தி ஏதோ சொல்ல ஆரம்பிச்சாரு. நீங்க இல்லாம கேக்கறது எனக்குச் சரியாப் படலை" என்றார், மிகவும் மரியாதையாக. ரங்கசாமி முகத்தில் ஈயாடவில்லை. "உங்க கையெழுத்து முத்து முத்தா இருக்குன்னு சொல்லிண்டிருந்தேன் சார்" என்று உளறினார். பிரின்ஸிபால் பூரித்துப் போனார். அதற்குப் பிறகு கல்லூரியில் எந்தச் சுற்றறிக்கை வந்தாலும், முதலில் ரங்கசாமியின் மேஜைக்கு வந்துவிட்டுத்தான் மற்றவர்களுக்கு வரும்.

"ஒருத்தர் இல்லாத இடத்துல, அவர் கேட்டா வருத்தப்படற மாதிரி பேசினா அது புறம்" என்பார் ஜைனுலாபுதீன். நான் சும்மா விடுவேனா? "சொல்றது உண்மையா இருந்தா?" என்று கேட்டேன். "உண்மையா இருந்தாதான் புறம். பொய்யா இருந்தா அது அவதூறு, இன்னும் பெரிய தப்பு" என்றார். எந்தப் பக்கம் ஓடினாலும் வழி அடைத்திருந்தது. புறம் பேசுவது செத்த சகோதரனின் மாமிசத்தைத் தின்பதற்குச் சமம் என்று தங்கள் மார்க்கம் சொல்வதாக ஒருநாள் விளக்கினார். ரங்கசாமி பதறிப்போய், "நான் சுத்த சைவம் பாய்!" என்றார். "அப்ப நீங்க எங்களைவிட ஜாக்கிரதையா இருக்கணும் சார்" என்று பதில் வந்தது.

என் வீட்டிலும் இந்தக் கூத்து நடந்தது. ஒருநாள் நான் வீடு திரும்பியபோது என் மனைவி கமலா வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டாள். "நன்னா இருக்கு உங்க சிநேகிதர் பண்றது! ஆத்துக்கு வந்தவர்கிட்ட, குழாயடியில மாடி மாமி பண்ற அக்கிரமத்தைப் பத்திச் சொல்லிண்டிருந்தேன். 'இருங்கம்மா, அவங்களையும் கூப்பிடறேன்'னு மாடிக்கே போயிட்டார்!" உள்ளே எட்டிப் பார்த்தால், எங்கள் கூடத்தில் மாடி மாமி உட்கார்ந்திருந்தாள். வேறு வழியில்லாமல் காபி போட்டுக் கொடுத்தோம். அரைமணியில் இரண்டு பேரும் ராசியாகிவிட்டார்கள். ராசியான வேகத்தில் எதிர்வீட்டுக்காரியைப் பற்றித் தொடங்கினார்கள். ஜைனுலாபுதீன் செருப்பை மாட்டிக்கொண்டு, "எதிர்வீடுன்னா, அந்தப் பச்சைக் கதவா?" என்று கேட்டார். இருவரும் அவர் கையைப் பிடித்து இழுக்காத குறைதான்.

இப்படிப்பட்டவரைப் போய் மதிப்புரை எழுதக் கூப்பிட்டேன். அறுபதுகளின் கடைசியில் இதழ் தொடங்கிய புதிது. அந்நாளில் மதிப்புரை என்றால் இரண்டே வகை. நண்பன் புத்தகம் என்றால் மாலை, மற்றவன் புத்தகம் என்றால் உதை. அவர் ஒரு நிபந்தனை போட்டார். ஒரு நூலைப் பற்றிக் குறை எழுதினால், அச்சேறும் முன் அதை எழுதியவர் வீட்டுக்கே போய் அவர் முகத்துக்கு நேரே படித்துக்காட்ட வேண்டும். "இல்லேன்னா அது புறம்தான். வாயால சொன்னா நாலு பேர் காதுல விழும். அச்சடிச்சா ஐந்நூறு பேர்" என்றார். அப்படியானால் அறிஞர் அறிஞரைக் குறை சொல்லவே முடியாதே என்றேன். அதற்கும் அவரிடம் பதில் இருந்தது. நபிமொழிகளைத் தொகுத்த பழைய அறிஞர்கள், அவற்றை வழிவழியாக எடுத்துச் சொன்னவர் ஒவ்வொருவரையும் எடைபோட்டார்கள், இன்னாருக்கு ஞாபகசக்தி போதாது என்று எழுதியே வைத்தார்கள். அறிவைக் காப்பாற்ற அது அவசியம், ஆகவே அனுமதி உண்டு. "ஆனா அவசியத்துக்கு மேல ஒரு வார்த்தை போட்டாலும், அந்த ஒரு வார்த்தை புறம்தான் வைத்தி. மருந்து மாதிரி. அளவு தாண்டினா வேற பேரு."

ஆழ்வார்பேட்டையில் ஒரு நூலாசிரியர் வீட்டுக்கு நானும் கூடப் போனேன். சாய்வுநாற்காலியில் அவருடைய மாமனார் படுத்திருந்தார். ஜைனுலாபுதீன் ஒவ்வொரு குறையாகப் படிக்கப் படிக்க, பெரியவர் தொடையைத் தட்டிக்கொண்டு, "இதைத்தான் மாப்பிள்ளை நான் அன்னிக்கே சொன்னேன்!" என்று குதூகலித்தார். ஜைனுலாபுதீனுக்குப் பொறுக்கவில்லை. மதிப்புரையை மடித்து வைத்துவிட்டு, மருமகன் எழுதியதில் என்னென்ன சிறப்பு என்று மாமனாருக்கு ஒருமணிநேரம் பாடம் எடுத்தார். ராஜா அண்ணாமலைபுரத்தில் இன்னொருவர் வீட்டில் நாய் துரத்தியது. நாயை ஏவியவர் நூலாசிரியர்தான் என்று நான் சொன்னேன். "பார்த்தீங்களா? பார்க்காம சொல்லாதீங்க" என்றார், மூச்சிரைக்க ஓடிக்கொண்டே.

இதனால் இதழ் ஒருமுறைகூட நேரத்துக்கு வந்ததில்லை. தியாகராய நகரில் எங்கள் அச்சகத்து ஃபோர்மேன் என்னைப் பார்த்தாலே தலையில் அடித்துக்கொள்வார். "இன்னா சார் இது, நாலு பக்கம் காலியா கீது. பாய் இன்னும் ஊடு ஊடா போய்க்கினுதான் கீறாரா? அச்சடிச்சிட்டு அப்பாலிக்கா சண்டை போட்டாத்தான் இன்னா?"

இவ்வளவும் சிரிப்புத்தான். சிரிக்க முடியாத ஒன்றும் நடந்தது.

அடையாறில் ஒரு பெரியவர் இருந்தார். பெயர் வேண்டாம். வரலாற்றுத்துறையில் அவர் சொன்னால் சொன்னதுதான். சோழமண்டலக் கடற்கரை வணிகத்தைப் பற்றி அவர் எழுதிய நூல் மதிப்புரைக்கு வந்தது. அதில் இரண்டு அத்தியாயங்கள் அப்படியே ஒரு பெண்ணின் ஆய்வேட்டிலிருந்து எடுத்தவை. அந்தப் பெண்ணின் பெயர் நன்றியுரையில்கூட இல்லை. அதே சமயம் ஜைனுலாபுதீனுக்குத் துறைத்தலைவர் பதவிக்கு நேர்முகம் வரவிருந்தது. தேர்வுக்குழுவில் முதல் நாற்காலி இந்தப் பெரியவருக்கு. இந்த ஒரு தடவை நேரில் போக வேண்டாம், புனைபெயரில் போட்டுவிடுவோம் என்று கெஞ்சினேன். "புனைபெயர்னா நான் இல்லாத இடத்துலேர்ந்து பேசறது. அது இன்னும் மோசம்" என்றார்.

போனோம். எழுதியதை முழுக்கப் படித்துக்காட்டினார். பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்க கமிட்டியில நான் இருக்கேன், தெரியுமோல்லியோ?"

"தெரியும் சார். அதனாலதான் ரெண்டு தரம் சரிபார்த்தேன். கோபத்துல ஏதாவது சேர்த்தேனா, பயத்துல ஏதாவது விட்டேனான்னு."

பெரியவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். பிறகு, "'களவு'ன்னு போட்டிருக்கீர். அது ஜாஸ்தி இல்லையா?" என்றார்.

ஜைனுலாபுதீன் அந்த வரியை மறுபடி படித்துப் பார்த்தார். "ஜாஸ்திதான் சார். அது உங்க மனசுக்குத் தீர்ப்பு சொல்ற வார்த்தை. உங்க மனசு எனக்குத் தெரியாது. எடுத்துடறேன். அதுக்குப் பதிலா உங்க பத்தியையும் அந்தப் பொண்ணு எழுதின பத்தியையும் பக்கத்துல பக்கத்துல போட்டுடறேன்" என்றார். ஒரு வார்த்தையை வென்ற மகிழ்ச்சியில் பெரியவர் இரண்டாவது பாதியைக் காதில் வாங்கவில்லை. எங்களுக்கு ரவா கேசரி வந்தது. இதழ் வெளிவந்ததும், பக்கத்தில் பக்கத்தில் நின்ற அந்த இரண்டு பத்திகள் செய்த வேலையை நூறு 'களவு' செய்திருக்காது. நூலின் அடுத்த பதிப்பில் அந்தப் பெண்ணின் பெயர் முதல் பக்கத்திலேயே வந்தது.

அன்று அடையாறிலிருந்து பஸ்ஸில் திரும்பும்போது அவருக்கு மனைவியின் ஞாபகம்தான் வந்தது. "பயமா இருக்கு வைத்தி. இந்தப் பதவி வரணும்னு ஜமீலா எவ்வளவு நாளா துஆ கேட்டுக்கிட்டிருக்கா" என்றார். பதவி வரவில்லை. அவரிடமே படித்த ஒருவருக்குப் போயிற்று. ஆசிரியர் அறையில் நாங்கள் எல்லோரும் கொதித்தோம். அநியாயத்துக்கு ஆளானவன் முறையிடலாம் என்று உங்கள் மார்க்கமே சொல்கிறதே, நீங்களே சொல்லியிருக்கிறீர்களே என்று அவரை மடக்கினேன். "அனுமதி இருக்கு. கட்டாயம் இல்லையே" என்றார். ரங்கசாமி மட்டும் அடங்காமல் பெரியவரைத் திட்டத் தொடங்கினார். "வாங்க சார், அடையாறுக்கு இப்ப ஒரு பஸ் இருக்கு" என்று எழுந்தார் ஜைனுலாபுதீன். ரங்கசாமி உட்கார்ந்துவிட்டார்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தத் தொந்தரவான பழக்கம்தான். ஒருவரைப் பற்றி எழுதினால், கேட்க வேண்டியவர்களிடம் முதலில் படித்துக்காட்டாமல் எனக்கு அச்சகத்துக்குப் போகக் கால் வருவதில்லை. இதையும் படித்துக்காட்டினேன். முதலில் அடையாறுக்குப் போனேன். பெரியவர் இப்போது படுக்கையில் இருக்கிறார். முழுதும் கேட்டார். "அந்த வார்த்தையை அவர் எடுத்துட்டார்ங்கறதை மட்டும் விட்டுடாதேயும்" என்றார். விடவில்லை.

பிறகு கச்சேரி ரோட்டுச் சந்து. ஜமீலா அக்கா இத்தாவில் இருக்கிறார். கணவனை இழந்தவர்கள் அந்நியர் முன் வராமல் இருக்கும் காலம். ஆகவே திரைக்கு அந்தப் பக்கம் அவர் உட்கார்ந்தார், இந்தப் பக்கம் நானும் அவருடைய தம்பியும். பிரின்ஸிபால் கதைக்குச் சிரித்தார். மாடி மாமி கதைக்கு இன்னும் உரக்கச் சிரித்தார். அடையாறு வந்ததும் சத்தம் நின்றுவிட்டது. படித்து முடித்தேன். பிறகு, "தம்பி, அந்தக் கமிட்டி வர்ற இடத்தை இன்னொரு தரம் படிங்க" என்றார். படித்தேன்.

"அந்த வேலை ஏன் வரலைன்னு கேட்டப்ப, 'நமக்குக் கொடுத்து வைக்கலை ஜமீலா'ன்னு மட்டும்தான் சொன்னாரு. நீங்க வாயில்லாப் பூச்சி, அவங்க முன்னாடி முழிச்சுக்கிட்டு நின்னிருப்பீங்கன்னு நான் குத்திக்காட்டாத நாள் இல்ல தம்பி. கேட்டுக்கிட்டு சிரிப்பாரு. அந்த ஆளைப் பத்தி என்கிட்டகூட ஒரு வார்த்தை சொல்லலையே."

"அவர் இருந்தா இதை விரும்பமாட்டார் அக்கா. அந்த இடத்தை எடுத்துடட்டுமா?" என்று கேட்டேன்.

திரைக்கு அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"எடுக்காதீங்க. அப்படியே போடுங்க. அவருகிட்ட நான் போய் நேர்லயே சொல்லிக்கிறேன்."